ஆகட்டுங்க என்ற தெரு

கோயம்புத்தூரில் நான் பார்த்த வேலைகளிலேயே மரியாதையானது சங்கிலி பிடிக்கும் வேலைதான். நகரசபை சர்வேயர் குடையோடு முன்னால் நடப்பார். அளவுச் சங்கிலியின் ஒரு முனையை நானும் மறுமுனையை இன்னொருவனும் பிடித்துக்கொண்டு பின்னால் போவோம். சங்கிலி எந்த வீட்டு வாசலில் விழுகிறதோ அந்த வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிடும். மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவனைக் கண்டு சொந்த வீடும் சொந்தக் கிணறும் உள்ளவர்கள் பயப்படுவதை வேறு எந்த வேலையிலும் நான் அனுபவித்ததில்லை.

அதற்கு முன் அனுபவித்ததெல்லாம் வேறு வகை. தாராபுரத்தில் நெல் மண்டியில் மூட்டை தூக்கினேன். சோமனூரில் ஒரு தறிக்காரர் வீட்டில் நூலுக்குக் கஞ்சி போட்டேன். என் வயிற்றுக்குக் கிடைத்ததைவிட நூலுக்கு அதிகக் கஞ்சி கிடைத்தது. துடியலூர்ப் பக்கம் கிணறு வெட்டும் கூட்டத்தோடு மண் சுமந்தபோது கல் உருண்டு இடது காலில் இரண்டு விரல் நசுங்கின. விரல் ஆறும்வரை கோயம்புத்தூரில் வண்டிப்பேட்டையில் படுத்துக் கிடந்தேன். ஆறிய பிறகு மில் வாசலில் போய் நின்றேன். வாசலில் நிற்பவர்கள் உள்ளே வேலை செய்பவர்களைவிட அதிகமாக இருந்தார்கள். கடைசியில் இங்கிலீஷ் எண்களை வாசிக்கத் தெரியும் என்பதற்காக நகரசபை என்னைச் சங்கிலி பிடிக்க எடுத்துக்கொண்டது. காக்கிக் கோட்டு ஒன்றும் தந்தார்கள். எனக்கு முன் அதைப் போட்டிருந்தவன் பிளேக்கில் போனவன் என்று சொன்னார்கள். நன்றாகத் துவைத்துப் போட்டுக்கொண்டேன்.

முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. சிறுவாணித் தண்ணீர் குழாயில் வந்துவிட்டது. பைகாரா மின்சாரம் வந்துவிட்டது. மாதத்துக்கு ஒரு மில் புகைபோக்கி எழும்பிக்கொண்டிருந்தது. இவ்வளவும் வந்த பிறகு ஊருக்குக் காற்று போதவில்லை என்று நகரசபை கண்டுபிடித்தது. சந்தையிலிருந்து ரயில் நிலையத்துப் பக்கம் போகும் ஒரு குறுகலான தெருவை அகலப்படுத்தி, இரண்டு ஓரமும் சாக்கடை கட்டினால் காற்றும் வரும், பிளேக்கும் போகும் என்று தீர்மானம் போட்டார்கள். தீர்மானம் போட்டவர்கள் யாருடைய வீடும் அந்தத் தெருவில் இல்லை. அது தற்செயலாக நேர்ந்தது என்றே நான் இன்றுவரை நம்புகிறேன்.

அந்தத் தெருவில்தான் நான் குடியிருந்தேன். குடியிருந்தேன் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. தெரு வளைகிற முக்கில் ஒரு விதவை சாப்பாட்டுக்கடை நடத்தி வந்தார். நாற்பது வயதுக்காரர். முன்கட்டில் மில் ஆட்கள் வரிசையாகத் தடுக்குப் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பின்கட்டில் அடுப்பு. அதற்கும் பின்னால், எங்கள் பக்கத்தில் பொடக்காளி என்று சொல்லும் கொல்லைப்புறத்தில், ஒரு கிணறும் விறகுக் கொட்டகையும் இருந்தன. காலையில் எட்டு அண்டா தண்ணீர் இறைத்துக் கொடுத்தால் விறகுக் கொட்டகையில் படுத்துக்கொள்ளலாம், ஒரு வேளைச் சோறும் உண்டு என்பது எங்களுக்குள் ஏற்பாடு. அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் 'ஏனுங்க' என்று மரியாதையாகக் கூப்பிடுவார்.

ஒரு நாள் காலையில் தண்ணீர் இறைத்துவிட்டு, அதே கையால் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு அதே வீட்டை அளக்கப் போனேன். சர்வேயர் சொன்ன இடத்தில் ஆணியை நட்டேன். ஆணி அடுப்படியைத் தாண்டி, கிணற்றுக்கு நான்கு முழம் இப்பால் நின்றது. மற்ற வீடுகளில் வாசற்பக்கம் ஐந்தடி, ஆறடி என்றுதான் போயிற்று. முக்கு வீடு வளைவில் இருந்ததால் கோடு அதை முழுசாக விழுங்கிவிட்டது. மீதி இருந்தது கிணறும் என் விறகுக் கொட்டகையும்தான். நகரசபையின் கருணையால் அந்தத் தெருவில் ஒரு செங்கல்லும் இழக்காதவன் நான் ஒருவனே.

அக்கா கரண்டியோடு வந்து ஆணியைப் பார்த்தார்.

"ஏனுங்க அளவுக்காரரே, அடுப்புல சோறு வெந்துட்டிருக்குது. அதையும் அளந்து எழுதிக்கிறீங்களா?"

சர்வேயர் குடையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். நான் சங்கிலியைச் சுருட்டினேன். அன்றைக்கு எனக்குச் சோறு இருக்காது என்று நினைத்தேன். இருந்தது. போடும்போது ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"இந்த ஊடு நிக்கிற வரைக்கும் எனக்குச் சோறு, கண்ணு. இத இடிச்சுக் காசாக்கிப்போட்டா அது எங்கொளுந்தனுக ரெண்டு பேருக்குஞ் சோறு. கோர்ட்டு அப்படித்தாஞ் சொல்லும். அண்ணன் செத்த அன்னிக்கே கணக்குப் போட்டுட்டானுக."

அவர் சொன்னதில் தவறில்லை. புருஷன் வீட்டில் ஒரு விதவை சாகும்வரை குடியிருக்கலாம். அந்த வீடு பணமாக மாறினால் பங்காளிகள் வந்து நிற்பார்கள். ஆகவே மற்றவர்களுக்குப் போனது வாசல். அக்காவுக்குப் போக இருந்தது சாப்பாடு.

தெரு சும்மா இருக்கவில்லை. முக்கு வீட்டுக்கு நேர் எதிரே ஒரு பஞ்சுத் தரகர் இருந்தார். பெரிய வீடு, பக்கத்தில் கிடங்கு. அவருக்கு ஆறடி போகிறது. நோட்டீஸ் வந்த சாயங்காலமே கிடங்கில் தெருக்காரர்களைக் கூட்டினார். பஞ்சு மூட்டைமேல் ஏறி நின்று அவர் பேசியதை நான் வாசலில் நின்று கேட்டேன்.

"எங்கப்பன் கட்டுன செவுரு! இதுல கை வெச்சானுகன்னா நாஞ் செவுத்துக்குக் குறுக்கால படுத்துக்குவேன். என்ற மேல ஏறித்தான் ரோடு போடோணும். வெள்ளக்காரனே வரட்டும், மூஞ்சிக்கு நேராச் சொல்லிப்போடறேன்!"

எல்லோரும் ஆமாங்க, ஆமாங்க என்றார்கள். அவர் சொன்னதைக் கேட்டபோது நகரசபைக்காக எனக்கே பயமாக இருந்தது.

விசாரணை தாலுக்கா கச்சேரியில் நடந்தது. விசாரித்த அதிகாரி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர், சத்தமே போடமாட்டார். நான் வரைபடக் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நின்றேன். தரகர் ஜரிகைத் தலைப்பாகையும் கோட்டும் போட்டுக்கொண்டு வந்தார். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

"உம்முடைய வீட்டில் முன்பக்கம் ஆறடி எடுக்க வேண்டியிருக்கிறது. தெரியுமோ?"

"தெரியுமுங்க."

"சாலை வேலைக்காக நகரசபை அதை எடுத்துக்கொள்ளப் போகிறது."

"ஆகட்டுங்க."

"வேறு ஏதாவது சொல்ல வேண்டியது உண்டா?"

"என்னத்தச் சொல்றதுங்க. பெரியவங்க பாத்துச் செய்வீங்க."

"சரி, போகலாம்."

"ஆகட்டுங்க, வாரேனுங்க."

கும்பிட்டுவிட்டு, முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து வெளியே போனார். அவருக்குப் பின் வந்த பத்துப் பேரும் அதையேதான் சொன்னார்கள். ஒருவர் மட்டும் 'சேரீங்க, ஆகட்டுங்க' என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் ஆகட்டுங்க என்றால் என்ன அர்த்தம் என்பது எங்கள் பக்கத்தில் பிறந்த எவனுக்கும் தெரியும். நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்று அர்த்தம். பெண் கேட்டு வந்தவனுக்குப் பெண் கொடுக்க மனமில்லாவிட்டால் ஆகட்டுங்க, பாக்கலாமுங்க என்று அனுப்பிவைப்பார்கள். வேண்டாத விருந்தாளி நாளைக்கும் வருகிறேன் என்றால் ஆகட்டுங்க. மாட்டைக் கேட்டவன், மண்வெட்டியைக் கேட்டவன் எல்லோருக்கும் அதே ஆகட்டுங்கதான். அந்தச் சொல்லை நம்பி யாரும் பந்தல் போட்டதில்லை. முகத்துக்கு எதிரே மாட்டேன் என்று சொல்வதற்கு எங்கள் ஊரில் ஒருவனுக்கும் வாய் வராது. அதற்காகவே அந்தச் சொல்லைச் செய்து வைத்திருக்கிறோம்.

தஞ்சாவூரில் அதற்கு வேறு அர்த்தம் போலிருக்கிறது. ஆகட்டும் என்றால் நடக்கட்டும் என்று அவர் எடுத்துக்கொண்டார். இதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. அகராதியும் அவர் பக்கம்தான்.

அக்காவின் முறை வரவேயில்லை. நோட்டீஸ் செத்துப்போன புருஷன் பேரில் இருந்தது. சேவகன் வாசலில் நின்று அந்தப் பேரை மூன்று தரம் கூப்பிட்டான். அக்கா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். எழுந்து போய், "செத்தவரக் கூப்புட்டா எப்புடீங்க வருவாரு? நான் வந்திருக்கறனுங்க" என்றார். சேவகன் யோசித்துவிட்டு, பேர் வேறு என்று சொல்லி உள்ளே போய்விட்டான். குமாஸ்தா 'ஆஜராகவில்லை' என்று எழுதினார். செத்தவர் வரவில்லைதானே. அன்றைக்கு எழுதினதில் அது ஒன்றாவது உண்மை.

விசாரணைப் புத்தகத்தை நகரசபை ஆபீசுக்குத் தூக்கிப்போனவன் நான்தான். வழியில் புளியமரத்தடியில் உட்கார்ந்து விரித்துப் பார்த்தேன். தமிழில்தான் எழுதியிருந்தது. ஒவ்வொரு பேருக்கும் நேரே ஒரே வாசகம்: 'ஆகட்டும் என்று சொன்னார். சம்மதம்.' பதினொரு தரம். எழுத்து முத்துப்போல் இருந்தது.

தரகரிடம் போய்ச் சொன்னேன். அவர் அப்போது கிடங்கில் உட்கார்ந்து, அதிகாரியை எப்படி வாயடைத்துப்போகச் செய்தேன் என்று நான்கு பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சம்மதமா? எவஞ் சொன்னான் சம்மதம்னு? ஆகட்டுங்கன்னுதான சொன்னேன்!"

"அதத்தானுங்க சம்மதம்னு எழுதிப்போட்டாங்க."

"மரியாதையாப் பேசுனாச் சம்மதமாப்பா? இதென்ன அநியாயமா இருக்குது! அப்ப இனி ஆபீசருகளத் திட்டித்தாம் பேசோணுமா?"

திட்ட வேண்டாம், முடியாது என்று சொன்னால் போதும் என்றேன். கிடங்கில் இருந்தவர்கள் என்னை ஒரு கெட்ட வார்த்தை சொன்னவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

மனு எழுதினார்கள். அவிநாசி ரோட்டு வக்கீல் ஒருவர் எழுதிய இங்கிலீஷ் மனு. அதில் என்ன இருந்தது என்று கையெழுத்துப் போட்ட யாருக்கும் தெரியாது. ஆனால் அது வேலை செய்தது. அதற்குள் தஞ்சாவூர்க்காரரை வேறு ஜில்லாவுக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவர், சொன்னது தப்பாகப் பதிவாகியிருந்தால் மறுபடி விசாரிக்கிறேன், எல்லோரும் வாருங்கள் என்று ஓலை அனுப்பினார். இந்தத் தடவை அக்காவுக்கு அவர் பேரிலேயே நோட்டீஸ் வந்தது. வக்கீல் செய்த ஒரே உருப்படியான காரியம்.

இதன் பிறகு நடந்ததற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது. இதை நான் யாரிடமும் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை.

தெருவுக்குப் பயிற்சி கொடுப்பது என்று முடிவாயிற்று. யார் கொடுப்பது? கச்சேரியை உள்ளே நின்று பார்த்தவன் நான். காக்கிக் கோட்டும் என்னிடம் இருந்தது. கிடங்கில் ஒரு பஞ்சு மூட்டையை மேஜையாகப் போட்டு, அதற்குப் பின்னால் என்னை உட்கார வைத்தார்கள். வாழ்நாளில் முதல் தடவையாகப் பதினொரு வீட்டுக்காரர்கள் என் முன்னால் கைகட்டி நின்றார்கள். எனக்குத் தலை கொஞ்சம் சுற்றிவிட்டது என்பதை மறைக்கவில்லை.

"நாங் கேட்டா, ஆகட்டுங்கன்னு சொல்லப்படாது. சேரீங்கன்னு சொல்லப்படாது. பெரியவங்க பாத்துச் செய்வீங்கன்னு சொல்லவே படாது. எதக் கேட்டாலும் ஒரே வார்த்த. இல்லீங்க. அவ்வளவுதான்."

"வெறும் இல்லீங்களா?" என்றார் தரகர்.

"வெறும் இல்லீங்கதான்."

"கொஞ்சம் வெடுக்குன்னு இருக்குமே?"

"ங்க போட்டிருக்குதுல்லீங்க. அதுல மரியாத வந்துருது."

அது அவருக்குச் சமாதானமாக இருந்தது. ஒத்திகை ஆரம்பித்தோம். சம்மதமா? இல்லீங்க. வீட்டைக் கொடுக்கிறீரா? இல்லீங்க. கோடைக்காலப் புழுக்கத்தில் கிடங்குக்குள் பஞ்சுத் தூசியோடு மூன்று சாயங்காலம் இந்தப் பாடம் நடந்தது. தெற்குக் கோடி வீட்டுப் பெரியவர் ஒருவர் மட்டும் ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்து, ஆ என்று ஆரம்பித்து, என் கண்ணைப் பார்த்து நிறுத்தி, பிறகு இல்லீங்க என்பார். மூன்றாம் நாள் அவரும் தேறிவிட்டார்.

அன்றைக்கு அக்கா கிடங்கு வாசலில் வந்து நின்று கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வந்து நிற்கச் சொன்னேன்.

"எனக்கெதுக்குக் கண்ணு பாடம்? அவங்க என்ன கேப்பாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"சம்மதமான்னுதானுங்க்கா கேப்பாங்க. வேற என்னத்தக் கேக்கறது?"

"கேக்கட்டும். கேட்ட பொறகு சொல்லிக்கறேன்."

பயிற்சிக்கு அடங்காத ஒரே ஆள் என்று அவரைப் பற்றித் தரகரிடம் குறைபட்டுக்கொண்டேன். பொம்பளைக்கு என்ன தெரியும் என்றார் தரகர். நானும் தலையாட்டினேன்.

புது அதிகாரி பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். எங்கள் ஆள். உள்ளே நுழைந்ததுமே எல்லோரையும் உட்காருங்க, உட்காருங்க என்றார். இது எங்களில் யாரும் எதிர்பார்க்காத துரதிர்ஷ்டம். ஆகட்டுங்க என்று யாராவது இவரிடம் சொல்லியிருந்தால், இந்த ஆள் முடியாது என்கிறான் என்று உடனே விளங்கிக்கொண்டிருப்பார். அந்தச் சொல்லைத்தான் நான் மூன்று சாயங்காலம் பாடுபட்டு அவர்கள் நாக்கிலிருந்து பிடுங்கி எறிந்திருந்தேன்.

தரகரை முதலில் கூப்பிட்டார்.

"ஏனுங்க, இந்த ரோட்டு வேலைக்கு உங்களுக்கு ஆட்சேபணை ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இல்லீங்க!" என்றார் தரகர். கிடங்கில் சொன்னதைவிட நன்றாக, கணீரென்று சொன்னார்.

கேள்வி மாறிப்போயிருந்தது.

அதிகாரி கையிலிருந்த மனுவைப் பார்த்தார். "இருக்குதுன்னு மனுவில எழுதியிருக்குதே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஆட்சேபணை இல்லீங்களா?"

"இல்லீங்க!"

தரகர் திரும்பி என்னைப் பார்த்து, சரியாகச் சொன்னேனா என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினார். நான் வரைபடக் குழாயைத் தூக்கிக் காட்டி என்னென்னவோ சைகை செய்தேன். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

"அப்ப இந்த மனுவத் தள்ளிப்போடலாமுங்களா?"

இது பாடத்தில் இல்லாத கேள்வி. தரகர் மறுபடி என்னைப் பார்த்தார். அதிகாரி புன்சிரிப்போடு காத்திருந்தார். சிரித்த முகத்தோடு ஒருவர் காத்திருக்கும்போது எங்கள் ஊர்க்காரனுக்கு வருகிற சொல் ஒன்றுதான்.

"ஆகட்டுங்க" என்றார் தரகர்.

அந்த அதிகாரிக்கு அதன் அர்த்தம் தெரியும். அவர் வீட்டிலும் அம்மா அதைத்தான் சொல்லி மாடு கேட்டவனைத் திருப்பி அனுப்பியிருப்பாள். ஒரு கணம் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தரகரைப் பார்த்தார். பிறகு குனிந்து எழுதிக்கொண்டார். கச்சேரி நாற்காலியில் உட்கார்ந்தால் தஞ்சாவூர் அகராதி தானாக வந்துவிடும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மற்ற பத்துப் பேரும் இல்லீங்க, இல்லீங்க என்று சொல்லி, எல்லா மரியாதையோடும் தங்கள் வாசலைக் கொடுத்துவிட்டு வெளியே போனார்கள். தெற்குக் கோடிப் பெரியவர் நல்ல மாணவர். கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட்டார்.

கடைசியில் அக்கா. உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"அம்மணி, உங்களுக்கு ஆட்சேபணை இருக்குதுங்களா?"

"நீங்க கேக்கறது எனக்கு வெளங்கலீங்க. ரோடு வேண்டாமான்னு கேக்கறீங்களா, ஊட்ட உட்டுப்போட்டுப் போறியான்னு கேக்கறீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே."

"ரெண்டும் வேற வேறங்க. ரோடு வரட்டும், நான் வேண்டாங்கல. ஊட்ட உட்டுப்போட்டு நாம் போகமாட்டேன்."

குமாஸ்தாவின் பேனா நின்றது. சேவகன் கதவிலிருந்து எட்டிப் பார்த்தான். அக்கா சொன்ன விஷயத்துக்காக இல்லை. அந்தக் கடைசி வார்த்தையில் ங்க இல்லை. ஒரு அதிகாரியின் முகத்துக்கு நேரே, மாட்டேன் என்று முடித்து, அங்கேயே வாயை மூடிக்கொண்டு நின்ற ஒருவரை அந்தக் கச்சேரி கண்டதில்லை.

அதிகாரி மெதுவாகக் கேட்டார். "போகமாட்டேனுங்களா?"

"போகமாட்டேன்."

"அத அப்படியே எழுதிக்கட்டுங்களா?"

"எழுதிக்குங்க. ஒரெழுத்துக் குறையாம எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார். காரணமும் கேட்டார். அடுப்பையும் கொழுந்தன்மாரையும் பற்றி என்னிடம் சொன்னதை அவரிடமும் சொன்னார். அதையும் எழுதினார்கள். ஒரு பக்கம் முழுவதும் நிறைந்தது.

வெளியே வந்ததும் தரகர் பொரிந்து தள்ளினார். தன் வாசல் போனதற்காக என்று நினைத்தேன்.

"ஆபீசரப் பாத்து மாட்டேன்னு சொல்றதா? ஒரு ங்க போட்டா வாய் வலிக்குதா? நம்ம தெருவப் பத்தி அவரு என்னத்த நெனச்சுக்குவாரு?"

"மாட்டேன்னு சொன்னாங்கன்னு நெனச்சுக்குவாருங்க" என்றார் அக்கா. அவரிடம் மட்டும் ங்க போட்டார்.

விஷயம் விளங்கியதும் தெரு என்மேல் பாய்ந்தது. நகரசபைக்காரன் வேண்டுமென்றே உள்ளே புகுந்து பாடம் சொல்லிக் கொடுத்து எல்லோரையும் கவிழ்த்துவிட்டான் என்றார்கள். நான் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை என்று யாரும் நம்பத் தயாராக இல்லை. நகரசபையும் அப்படியே நினைத்தது. பதினொரு வீடு ஒரே நாளில் ஆட்சேபணை இல்லை என்று சொன்னதைக் கேட்ட சர்வேயர் என் முதுகில் தட்டி, நீ பேசி வைத்திருந்தாயாமே என்றார். புதுக் காக்கிக் கோட்டு வாங்கிக் கொடுத்தார்கள். யாரும் சாகாத கோட்டு. அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பது கஷ்டமாக இருந்தது. பழையது கிழிந்துவிட்டதால் போட்டுக்கொண்டேன்.

அந்த மாதமே எனக்குக் குளிர்காய்ச்சல் வந்து விறகுக் கொட்டகையில் விழுந்தேன். தண்ணீர் இறைக்க ஆளில்லை. அக்காவே இறைத்தார். கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, "பாடஞ் சொல்லிக் குடுத்த வாத்தியாரு பாவம், தொண்ட கட்டிப்போச்சாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போவார்.

சம்மதம் வேகமாக நடக்கும். ஆட்சேபணை மெதுவாக நடக்கும். பதினொரு வாசலும் மழைக்காலத்துக்கு முன்பே இடிபட்டன. தரகர் செவுத்துக்குக் குறுக்கால படுக்கவில்லை. அன்றைக்கு அவருக்குத் திருப்பூரில் சோலி இருந்தது. அக்கா சொன்ன ஒரு பக்கம் மட்டும் கலெக்டர் ஆபீசுக்குப் போய், அங்கிருந்து மெட்ராசுக்குப் போய், அங்கே யாரோ அதைப் படிக்க வேண்டியிருந்தது. அதுவரை முக்கு வீட்டைத் தொடக்கூடாது. சாலை இரண்டு பக்கமிருந்தும் வந்து அந்த வீட்டு மூலையில் முட்டி நின்றது. வண்டிகள் சுற்றிப் போயின. இடிக்க வந்த ஆட்கள், சாக்கடை தோண்ட வந்த ஆட்கள், கல் பரப்ப வந்த ஆட்கள் எல்லோரும் நிழலுக்கும் சோற்றுக்கும் அங்கேதான் ஒதுங்கினார்கள். அக்காவுக்குத் தடுக்கு போதவில்லை.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. காகிதம் மெட்ராசில்தான் இருந்தது. கடைசியில் நகரசபை இஞ்சினீருக்குப் பொறுமை போயிற்று. படத்தை விரித்துப் பார்த்தார். வளைவின் ஒரு பக்கம் ஆட்சேபணை உள்ள வீடு. எதிர்ப்பக்கம் ஆட்சேபணை இல்லாத வீடு. இருக்கிறதா என்று இரண்டு தரம் கேட்டும் இல்லை என்று சொன்ன வீடு. கோடு பென்சிலில் போட்டதுதான். அழித்துவிட்டு எதிர்ப்பக்கம் தள்ளிப் போட்டார்.

இது எப்படியோ தரகர் காதுக்கு எட்டியது. என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தவர், ஒரு மத்தியானம் விறகுக் கொட்டகைக்கே வந்துவிட்டார். உட்கார இடமில்லை, கட்டைமேல் உட்கார்ந்தார்.

"இன்னும் பன்னண்டடியாமா. கெடங்கு போச்சு, சமையக்கட்டு போச்சு. இந்தத் தரம் நேராச் சொல்லிப்போடறேன். அந்தம்மா சொன்னாப்பல. மாட்டேன்! மாட்டேனுங்க!"

"ங்க போட்டாலும் பரவால்லீங்க. மாட்டேனுங்கன்னே சொல்லுங்க."

"மாட்டேனுங்க" என்றார். "மாட்டேனுங்க." வாசல்வரை சொல்லிக்கொண்டே போனார். நான் இந்தத் தடவை ஒரு வார்த்தையும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து இஞ்சினீரே வந்தார். சங்கிலியின் ஒரு முனை என் கையில். இஞ்சினீர் வேர்க்க வேர்க்க நின்று, தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டு, தங்களைப்போன்ற பெரிய மனிதர்கள் உதவினால்தான் இந்த ஊர் முன்னுக்கு வரும், சட்டப்படி மறுபடி நோட்டீஸ் அனுப்புவதற்கு முன் தங்களை நேரில் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றார். தரகர் வாயைத் திறந்தார். மா என்று ஒரு சத்தம் வந்தது.

"மா...மோர் சாப்பிடறீங்களா?" என்றார் தரகர்.

மோர் வந்தது. இஞ்சினீர் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்து, "அப்படியானால் அளந்துகொள்ளலாமா?" என்று கேட்டார்.

"அதுக்கென்னங்க" என்றார் தரகர். "ஆகட்டுங்க."

பன்னிரண்டடி தள்ளி, அவர் அடுப்படியில் நான் ஆணியை நட்டேன்.

சமையற்கட்டு இடிபட்ட நாட்களில் தரகர் மனைவி குழந்தைகளோடு தாராபுரத்துக்குப் பிறந்த வீடு போயிருந்தார். தரகர் மட்டும் கிடங்கில் மிச்சமிருந்த பஞ்சுக்குக் காவலாக இருந்தார். மூன்று நாள் பழமும் பாலுமாகச் சமாளித்துவிட்டு, நாலாம் நாள் மத்தியானம் தலைப்பாகையோடு எதிர்வீட்டுக்குள் நுழைந்தார். மில் ஆட்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். நான் ஓரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இடிக்கப்படாத முன்சுவரை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவர் உட்கார்ந்தார்.

அக்கா சோறு வைத்தார். கொள்ளு ரசம் ஊற்றினார். தரகர் சாப்பிட்டார். பசி போலிருக்கிறது, இலை இரண்டு தரம் காலியானது. மூன்றாம் தரம் அக்கா ரசச் சட்டியோடு வந்து நின்றார்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?"

அவருக்கு வயிறு நிறைந்துவிட்டது என்று பார்த்தாலே தெரிந்தது. ஒரு கையால் இலையை லேசாக மறைத்தபடி சொன்னார்.

"ஆகட்டுங்க."

அக்கா ஊற்றினார். ரசம் இலையின் ஓரத்தைத் தொட்டது. நிறுத்தவில்லை. ரசம் தரையில் இறங்கி அவர் வேட்டிப் பக்கம் போயிற்று. மில் ஆட்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். தரகர் கால்களை இழுத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். அக்கா சட்டியைச் சாய்த்தபடியே நின்றார்.

"போதும்!" என்று கத்தினார் தரகர். பிறகு அவசரமாக, "போதுமுங்க" என்றார்.

"அப்படிச் சொல்லோணுமுங்க" என்று அக்கா சட்டியை நிமிர்த்தினார். "கண்ணு, அந்தத் துணிய எடுத்துப் போடு. தொடைக்கோணும்."